பேசாம படிச்சுட்டுப் போறவங்களுக்காக எழுதுங்க: ஆன்லைன் விவாதத்துல இறங்குறது எப்படி

அரசியல், சினிமா, வீட்டு விஷயம்னு எதையாவது பத்தி ஆன்லைன்ல சூடா ஒரு பேச்சு ஓடிட்டு இருக்கும், நமக்கும் சொல்றதுக்கு ஒண்ணு இருக்கும், ஆனா உள்ள போனா கடிச்சுக் குதறிடுவாங்களோன்னு பயந்து அப்படியே ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிடுவோம். இல்லன்னா எதையோ படிச்சு சுர்ருன்னு கோபம் ஏறி நாலு வரி திட்டிட்டு, ராத்திரி முழுக்க நோட்டிஃபிகேஷனைப் பார்த்துட்டே உட்கார்ந்திருப்போம். ரெண்டுமே வீண். நிதானமா பேசத் தெரிஞ்சவங்க நிறைய பேர் ஒதுங்கிப் போறதாலதான் கத்துறவங்க குரல் மட்டும் கேட்குதுன்னு நான் உறுதியா நம்புறேன். பல வருஷமா இந்த மாதிரி பேச்சுல கலந்துக்கிட்டு வர்றதுல எனக்குப் புரிஞ்சதை இங்க எழுதுறேன், புதுசா இறங்க நினைக்கிற யாருக்காவது உதவும்.

முதல்ல தெளிவா இருக்க வேண்டியது, நீங்க யாருக்கு எழுதுறீங்கன்றது. 2006-ல ஜேக்கப் நீல்சன்னு இணையதளப் பயன்பாட்டுல பெரிய நிபுணர் ஒருத்தர் ஒரு கணக்கு சொன்னார். பெரும்பாலான ஆன்லைன் கூட்டங்கள்ல 100 பேர் இருந்தா 90 பேர் படிக்க மட்டும் செய்வாங்க, 9 பேர் எப்பவாவது எழுதுவாங்க, மிச்சம் இருக்கிற அந்த ஒருத்தர்தான் பெரும்பகுதியை எழுதித் தள்ளுவார். எண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறும், ஆனா நீங்க இருக்கிற எந்த குரூப்பையும் நினைச்சுப் பாருங்க, ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். அப்போ நீங்க ஒருத்தர்கூட மல்லுக்கட்டிட்டு இருக்கும்போது சுத்தி ஒரு பெரிய கூட்டம் சத்தமில்லாம படிச்சுட்டு இருக்கு. எதிர்ல இருக்கிறவர் பெரும்பாலும் மாற மாட்டார், அவர் ஏற்கனவே ஊரறிய ஒரு பக்கம் நின்னுட்டார், இப்போ பின்வாங்குனா மானப் பிரச்சனை. ஆனா அந்த 90 பேர்ல பல பேர் இன்னும் முடிவே பண்ணியிருக்க மாட்டாங்க. உங்க வார்த்தை போய்ச் சேர வேண்டிய ஆள் அவங்கதான். இதை மனசுல வச்சுக்கிட்டா எப்போ பேசணும், எந்த தொனியில பேசணும், எப்போ நிறுத்தணும்னு எல்லாமே தானா விளங்க ஆரம்பிக்கும், கீழ நான் சொல்றது எல்லாமே இதுல இருந்துதான் வருது.

உள்ள போறதுக்கு முன்னாடி

ஒரு குரூப்ல சேர்ந்த உடனே எழுதாதீங்க. சில நாள் படிங்க. அட்மின் மேல பின் பண்ணி வச்சிருக்கிற விதிகளைப் படிங்க, யார் எப்பவும் வம்பு இழுக்கிறவர், யார் விஷயம் தெரிஞ்சு பேசுறவர், எந்தக் கிண்டலை அங்க சகஜமா எடுத்துக்கிறாங்க, எதை எடுத்துக்க மாட்டாங்கன்னு பிடிபடும். அதே மாதிரி ஒரு த்ரெட்ல நுழையும்போது கடைசி நாலு கமெண்டை மட்டும் பார்த்துட்டு நுழையாம மேல போய் ஆரம்பத்துல இருந்து படிங்க, நீங்க சொல்ல நினைச்சதை ஏற்கனவே ஒருத்தர் சொல்லி அதுக்கு ஒருத்தர் பதிலும் சொல்லியிருப்பார், திரும்ப அதையே போய் சொன்னா பேச்சு பின்னாடி போகும், படிக்கிறவங்களுக்கும் சலிச்சுப் போகும்.

இன்னொண்ணு, அங்க நடக்கிறது எந்த மாதிரி பேச்சுன்னு பாருங்க. பழைய நியாய சாஸ்திரக்காரங்க விவாதத்தை மூணா பிரிச்சாங்க, வாதம், ஜல்பம், விதண்டை. உண்மை என்னன்னு ரெண்டு பேரும் சேர்ந்து தேடுறது வாதம். எப்படியாவது ஜெயிச்சாகணும்னு பேசுறது ஜல்பம். தனக்குன்னு எந்த நிலைப்பாடும் வைக்காம அடுத்தவன் சொல்றதை உடைச்சுட்டே இருக்கிறது விதண்டை, அதைத்தான் இன்னைக்கும் விதண்டாவாதம்னு சொல்றோம். ஆன்லைன்ல மூணாவது ரகத்தைக் கண்டுபிடிக்க சுலபமான வழி, "சரிங்க, இதுல உங்க கருத்து என்ன?"ன்னு நேரா கேட்டுடுங்க. கருத்து இருக்கிறவர் சொல்லிடுவார். விதண்டாவாதி அப்பவும் இன்னொரு கேள்விதான் கேட்பார். ரெண்டாவது தடவை கேட்டும் பதில் வரலைன்னா அவர்கிட்ட உங்க சாயங்காலத்தைக் கொடுக்காதீங்க.

எதிராளி சொன்னதை முதல்ல நீங்க சொல்லுங்க

இந்தக் கட்டுரையில ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்குவேன்னு சொன்னா இதை எடுத்துக்கோங்க. மறுக்கிறதுக்கு முன்னாடி எதிராளியோட வாதத்தை உங்க வார்த்தையில, நேர்மையா, அவர் சொன்னதைவிட நல்லாவே எடுத்து வைங்க. பழைய தர்க்க மரபுல இதுக்குப் பேரு பூர்வபட்சம், அடுத்தவர் கட்சியை ஒழுங்கா சொல்லி முடிச்சாத்தான் உன் கட்சியைப் பேச உனக்கு உரிமைன்னு வச்சிருந்தாங்க. அமெரிக்கத் தத்துவ அறிஞர் டேனியல் டென்னட், கணித உளவியலாளர் அனடோல் ராபபோர்ட் கிட்ட இருந்து எடுத்ததா ஏறக்குறைய இதே விதியைத்தான் சொல்றார்: எதிராளியே "அட, நான்கூட இவ்வளவு தெளிவா சொல்லலையே"ன்னு நினைக்கிற அளவுக்கு அவர் நிலைப்பாட்டைச் சொல்லு, ஒத்துப்போற இடங்களைச் சொல்லு, அவர்கிட்ட இருந்து கத்துக்கிட்டதைச் சொல்லு, அதுக்கப்புறம்தான் மறுக்க வாயைத் திறன்னு.

ஒரு உதாரணம். பஸ் கட்டணம் ஏறிடுச்சுன்னு வைங்க. ஒருத்தர் "நஷ்டத்துல ஓடுனா ஏத்தத்தான் செய்வாங்க, எல்லாத்தையும் ஓசியில கேட்டா எப்படி"ன்னு எழுதுறார். சுர்ருன்னு வரும், "ஓசியா? கார்ல போறவனுக்கு எங்க கஷ்டம் எங்க தெரியும்"னு அடிக்கத் தோணும். அதுக்குப் பதிலா இப்படி எழுதிப் பாருங்க: "நஷ்டத்துல ஓடுற சேவை நாளைக்கு நின்னே போயிடும், நின்னா இன்னும் கஷ்டம்னு சொல்றீங்க, அது நியாயமான கவலை. ஆனா கட்டணம் ஏறுனதும் ஆளுங்க பஸ்ஸை விட்டு டூவீலருக்குப் போனா வருமானம் இன்னும் குறையும், அதையும் சேர்த்துக் கணக்கு போட்டாங்களா?" இதைப் படிக்கிற மூணாவது ஆளுக்கு ரெண்டு பக்கமும் ஒரே இடத்துல கிடைச்சுடுது. நீங்க முட்டு கொடுக்க வரல, யோசிக்க வந்திருக்கீங்கன்னு அவருக்குத் தெரியுது. எதிராளிக்கும் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே"ன்னு நழுவ வழி இல்ல.

இதே உதாரணத்துல இன்னொண்ணையும் கவனிங்க. கட்டணம் எவ்வளவு ஏறுச்சு, போன தடவை எப்போ ஏறுச்சு, இதெல்லாம் தகவல், தேடிப் பார்த்து முடிச்சுடலாம். ஏறுனா என்ன ஆகும்ன்றது கணிப்பு, ரெண்டு பக்கமும் தப்பாகலாம். அந்த நஷ்டத்தை அரசு தாங்கணுமா, டிக்கெட் வாங்குறவர் தாங்கணுமான்றது எது நியாயம்ன்ற கேள்வி, அதுக்கு கூகுள்ல பதில் கிடைக்காது. அரசியல் பேச்சு பாதி நேரம் சிக்கலாகுறது இந்த மூணையும் ஒண்ணா போட்டுக் குழப்புறதாலதான், ஒருத்தர் நியாயம் பேசுவார், இன்னொருத்தர் அதுக்கு புள்ளிவிவரத்தைத் தூக்கி எறிவார், ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் முட்டாள்னு நினைச்சுக்கிட்டுப் பிரிவாங்க. "நாம எதுல மோதுறோம், தகவல்லயா நியாயத்துலயா?"ன்னு ஒருத்தர் கேட்டாலே பாதிச் சண்டை அடங்குறதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கேன்.

ஒப்பீடு பண்ணும்போது மட்டும் கொஞ்சம் கவனமா இருங்க. மைக் காட்வின்ன்ற அமெரிக்க வக்கீல் 1990-லயே சொல்லிட்டார், ஆன்லைன் வாக்குவாதம் நீண்டுட்டே போனா யாராவது யாரையாவது ஹிட்லரோட ஒப்பிடாம இருக்க மாட்டாங்கன்னு. அந்த இடத்துக்கு வந்துட்டா மூல விஷயத்தை யாரும் திரும்பப் பேசப் போறதில்ல.

ஷேர் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம்

ஒரு தடவை ஒரு வெள்ளப் படத்தை, மனசு பதறி, உடனே மூணு குரூப்ல போட்டேன். கொஞ்ச நேரத்துலயே ஒருத்தர் அது நாலு வருஷம் பழைய படம், வேற இடம்னு லிங்க்கோட காட்டினார். அதுக்குள்ள அதை எத்தனை பேர் எங்கெங்க அனுப்பியிருந்தாங்களோ, திருத்தத்தை மூணு குரூப்லயும் போட்டேன், ஆனா படம் போன தூரத்துக்குத் திருத்தம் போகல. அது இன்னைக்கும் உறுத்துது. 2018-ல சயின்ஸ் இதழ்ல வந்த எம்ஐடி ஆய்வு ஒண்ணு இதைப் பெரிய அளவுல காட்டுச்சு, 2006-ல இருந்து 2017 வரைக்கும் ட்விட்டர்ல ஓடுன சுமார் 1,26,000 செய்திகளை எடுத்துப் பார்த்தா பொய்ச் செய்தி ரீட்வீட் ஆகுற வாய்ப்பு உண்மையைவிட 70 சதவீதம் அதிகம். ஆள் இல்லாம தானா இயங்குற பாட் கணக்குகளை எடுத்துட்டுப் பார்த்தாலும் அப்படித்தான், அதாவது பரப்புனது மனுஷங்கதான்.

பண்ண வேண்டியது கஷ்டமே இல்ல. படமா இருந்தா கூகுள்ல படத்தை வச்சே தேடலாம், டின்ஐன்னும் ஒரு தளம் இருக்கு, பழைய தேதியில அதே படம் வந்திருக்கான்னு காட்டிடும். செய்தியா இருந்தா தலைப்பை மட்டும் பார்க்காம உள்ள போய்ப் படிங்க, தேதியைப் பாருங்க, ஒருத்தர் சொன்னதா இருந்தா முழுப் பேச்சு எங்கயாவது இருக்கான்னு பாருங்க, பத்து செகண்ட் வீடியோவுல முன்னாடி என்ன கேட்டாங்க பின்னாடி என்ன சொன்னாருன்னு இருக்காது. வாட்ஸ்அப்ல ரெட்டை அம்பு போட்டு வர்ற மெசேஜ் ஏற்கனவே பல கை மாறி வந்தது, 2020 ஏப்ரல்ல இருந்து அதை ஒரு நேரத்துல ஒரே ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியுற மாதிரி கட்டுப்படுத்தியிருக்காங்க. ரெட்டை அம்பைப் பார்த்தா அனுப்புறதுக்கு முன்னாடி நீங்களும் கொஞ்சம் நில்லுங்க.

அடுத்தவர் உருட்டும்போது எல்லாத்துக்கும் பதில் சொல்ல முடியாதுன்றதையும் ஒத்துக்கிட்டுத்தான் ஆகணும். ஆல்பெர்டோ பிராண்டோலினின்னு இத்தாலிய புரோகிராமர் ஒருத்தர் 2013-ல சொன்னது, ஒரு உருட்டை உருவாக்க ஆகுற உழைப்பைவிட அதை மறுக்க ஆகுற உழைப்பு பத்து மடங்குன்னு. ஒருத்தர் ஒரே கமெண்ட்ல எட்டுப் பொய் சொல்லியிருந்தா எட்டையும் பிடிக்கப் போகாதீங்க, எது பெருசோ, எதைச் சரியான ஆதாரத்தோட உடைக்க முடியுமோ அந்த ஒண்ணை எடுங்க, ஆதாரத்தை வைங்க, நிறுத்துங்க. படிக்கிறவங்க மத்த ஏழு பொய்யையும் சந்தேகத்தோடதான் பார்ப்பாங்க.

தொனி

நேர்ல பேசும்போது முகம் இருக்கு, குரல் இருக்கு. எழுத்துல ஒண்ணும் இல்ல, ஆனா எழுதுறவர் காதுல மட்டும் தன் குரல் கேட்டுட்டே இருக்கும், அதனால எல்லாருக்கும் கேட்கும்னு நினைச்சுக்குவார். க்ரூகர், எப்லின்னு உளவியல் ஆய்வாளர்கள் சிலர் சேர்ந்து 2005-ல ஒரு ஆய்வு பண்ணாங்க, கிண்டலா சொன்னதும் நிஜமா சொன்னதும் ஈமெயில்ல எவ்வளவு சரியா போய்ச் சேரும்னு எழுதுனவங்களைக் கேட்டா 78 சதவீதம்னு எதிர்பார்த்தாங்க, நிஜத்துல சேர்ந்தது 56 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டு ஊகிச்சாலே 50 வரும். இந்தச் சிக்கல் புதுசும் இல்ல, 1982 செப்டம்பர் 19-ல கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துல ஸ்காட் ஃபால்மன் முதல் ஸ்மைலியைப் போட்டதே எது ஜோக், எது நிஜம்னு அங்க எழுதிட்டு இருந்தவங்களுக்குப் பிடிபடாமப் போனதாலதான்.

அதனால நீங்க எழுதுனதை அனுப்புறதுக்கு முன்னாடி, உங்களைப் பிடிக்காத ஒருத்தர் அதை எந்தக் குரல்ல படிப்பாரோ அந்தக் குரல்ல ஒரு தடவை படிச்சுப் பாருங்க. "உங்களுக்குப் புரியல"ன்னு இருந்தா "நான் சரியா சொல்லலைன்னு நினைக்கிறேன்"னு மாத்துங்க. "எல்லாருக்கும் தெரியும்"ன்றதை எடுத்துடுங்க, தெரியாத ஒருத்தர் படிச்சுட்டு இருப்பார், அவரை அவமானப்படுத்துன மாதிரி ஆகும். வயசு தெரியாத புது ஆளை வாங்க போங்கன்னு ஆரம்பிங்க, வா போன்னு அவங்களா இறங்குனா அப்புறம் இறங்கிக்கலாம், சண்டை நடுவுல திடீர்னு "நீ"க்கு மாறுறது கை ஓங்குற மாதிரி. கோபமா இருக்கும்போது ரிப்ளை பாக்ஸ்ல டைப் பண்ணவே வேண்டாம், நோட்ஸ்ல டைப் பண்ணுங்க, திட்டணும்னு தோணுறதை எல்லாம் அங்க கொட்டிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு வந்து பாருங்க, பத்து வரியில ரெண்டு வரி தேறும், அந்த ரெண்டு வரிதான் விஷயம். திரைக்குப் பின்னாடி உட்கார்ந்தா நேர்ல சொல்லாததை எல்லாம் மனுஷன் சொல்லிடுவான்னு ஜான் சூலர்ன்ற உளவியல் அறிஞர் 2004-ல விளக்கமா எழுதியிருக்கார், அவரே சொல்றது இதுல நல்ல பக்கமும் உண்டு, யார்கிட்டயும் சொல்லாத வேதனையைக்கூட மனசு விட்டுச் சொல்றதும் அதே திரை இருக்கிறதாலதான்.

படம், பாட்டு, வீட்டு விஷயம்

கலை சம்பந்தமான பேச்சுல ஒரே ஒரு பழக்கம் போதும், "மோசம்"னு சொல்றதுக்குப் பதிலா "எனக்கு ஏன் ஒட்டல"ன்னு சொல்லுங்க, கூடவே குறிப்பா ஒரு காட்சியையோ வரியையோ சொல்லுங்க. "செகண்ட் ஹாஃப் இழுவை"ன்னா சண்டை, "அந்த அண்ணன் பாத்திரம் திடீர்னு மனசு மாறுறதுக்குக் காரணமே காட்டல"ன்னா பேச்சு. ஒருத்தருக்குப் பிடிச்சதை வச்சு அவரையே எடை போடாதீங்க, ரசனை மேல கல்லு விழுந்தா மனுஷன் மேலயே விழுந்த மாதிரிதான் வலிக்கும். எழுத்துப்பிழையைப் பிடிச்சு வாதத்தை முடிக்கிறதும் வேண்டாம், மொழி சரியா வராதவங்களையும் பேச வைக்கிற இடமா இருந்தாத்தான் அது நல்ல கூட்டம்.

அன்றாட வாழ்க்கை விஷயம் இன்னும் கவனமா கையாள வேண்டியது. குழந்தைக்குப் போன் கொடுக்கலாமா, வயசான அப்பாவை யார் பார்த்துக்கிறது, கல்யாணத்துக்குக் கடன் வாங்கலாமான்னு ஒருத்தர் எழுதும்போது பெரும்பாலும் அது அவர் வீட்டுல இப்போ நடந்துட்டு இருக்கிற விஷயம். நாம அதைப் பொதுத் தலைப்பா எடுத்துக்கிட்டு தீர்ப்பு சொல்ல ஆரம்பிச்சுடுவோம். முதல்ல கேட்டுடுங்க, "யோசனை வேணுமா, இல்ல மனசுல இருக்கிறதைச் சொல்லணும்னு தோணுச்சா?"ன்னு. யோசனை வேணும்னா "நீங்க இப்படிப் பண்ணணும்"னு சொல்லாம "எங்க வீட்டுல இப்படிப் பண்ணோம், இது சரியா வந்துச்சு, இது வரல"ன்னு சொல்லுங்க. நம்ம அனுபவம் நமக்கு உண்மை, ஆனா அது ஒரு வீட்டு உண்மைதான். உடம்பு சம்பந்தமா இருந்தா மருந்துப் பேரைச் சொல்லாதீங்க, டாக்டர்கிட்ட போங்கன்னு சொல்லுங்க, என்ன கேட்கணும்னு வேணா சொல்லிக் கொடுங்க. தற்கொலை எண்ணம் தெரியுற மாதிரி யாராவது எழுதுனா விவாதத்தை அப்படியே விட்டுட்டு அவர்கிட்ட தனியா பேசுங்க, அவரைத் தெரிஞ்சவங்க யாருக்காவது உடனே சொல்லுங்க.

கேவலமா பேசுனா

சாதி, மதம், உடம்பு, வீட்டுப் பொம்பளைங்கன்னு ஒருத்தர் இறங்கிட்டா அது விவாதம் இல்ல, பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்ல. முதல்ல ஸ்க்ரீன்ஷாட் எடுங்க, அவர் அப்புறம் டெலீட் பண்ணிடலாம். அடுத்து ரிப்போர்ட், அட்மினுக்குத் தகவல், பிளாக். பிளாக் பண்ணா பயந்துட்டோம்னு நினைப்பாங்கன்னு யோசிக்காதீங்க. மிரட்டல் வந்தா அந்த ஸ்க்ரீன்ஷாட்டை வச்சு போலீஸ்ல புகார் கொடுக்கத் தயங்காதீங்க.

இதைவிட முக்கியமா நான் நினைக்கிறது, அடுத்தவங்களுக்கு இது நடக்கும்போது நாம என்ன பண்றோம்ன்றது. ஒரு பொண்ணு அரசியல் கருத்து ஒண்ணு எழுதுது, கருத்தை விட்டுட்டு அவ போட்டோவைப் பத்திப் பத்துப் பேர் பேசுறாங்க, நூறு பேர் படிச்சுட்டு சும்மா போறாங்க. அந்த நூறு பேர்ல ஒருத்தர் "அவங்க சொன்ன விஷயத்தைப் பேசுங்க"ன்னு ஒரே ஒரு வரி எழுதுனா போதும், அடுத்த ஆளும் எழுதுவார். எழுதுன பொண்ணும் தனியா இல்லன்னு தெரிஞ்சுக்கும். இதுக்குப் பெரிய வாதத் திறமை எல்லாம் தேவையே இல்ல, தயவுசெஞ்சு அந்த ஒரு வரியை எழுதுங்க.

நீங்களும் யாரோட தனிச் சாட்டையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து பொதுவுல போடாதீங்க, யாரோட வேலை செய்யுற இடத்தையும் குடும்பப் படத்தையும் விவாதத்துக்குள்ள இழுக்காதீங்க, அவர் எவ்வளவு மோசமா பேசியிருந்தாலும் சரி.

தப்பானா, முடிக்கணும்னா

நீங்க சொன்னது தப்புன்னு தெரிஞ்சா டெலீட் பண்ணிட்டு ஓடாதீங்க, கீழ வந்த பதில் எல்லாம் தலை இல்லாம நிக்கும். எடிட் வசதி இருக்கிற இடத்துல மேல "திருத்தம்"னு போட்டு என்ன மாத்துனீங்கன்னு எழுதுங்க, வாட்ஸ்அப்ல அனுப்பி 15 நிமிஷத்துக்குள்ளதான் எடிட் பண்ண முடியும், அதுக்கு மேல ஆச்சுன்னா தனி மெசேஜா "நான் சொன்ன அந்தத் தேதி தப்பு, சரியானது இது, காட்டுனவருக்கு நன்றி"ன்னு போடுங்க. அதுக்கப்புறம் நீங்க சொல்றதை ஜனங்க இன்னும் அதிகமா நம்புறதைப் பார்ப்பீங்க.

எப்போ நிறுத்துறதுன்றதுக்கு எனக்கு ஒரு கணக்கு கிடைச்சுது. ரெட்டிட்ன்ற விவாதத் தளத்துல "சேஞ்ச் மை வியூ"ன்னு 2013-ல ஆரம்பிச்ச ஒரு இடம் இருக்கு, அங்க "என் கருத்தை மாத்திக் காட்டுங்க"ன்னு ஒருத்தர் எழுதுவார், மாறிட்டா மாத்துனவருக்கு ஒரு அடையாளம் கொடுப்பார். கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தப் பேச்சுகளை எடுத்து அலசி 2016-ல வெளியிட்டாங்க. ஒருத்தருக்கும் இன்னொருத்தருக்கும் நடுவுல கொஞ்சம் போக்குவரத்து இருந்தா மனசு மாற வாய்ப்பு கூடுது, ஆனா அஞ்சு சுத்து தாண்டிட்டா அநேகமா இல்லவே இல்ல. மாறத் தயார்னு தானா சொல்லிட்டு வந்தவங்க கிட்டயே இப்படின்னா, மாறவே மாட்டேன்னு நிக்கிறவர் கிட்ட இருபதாவது ரிப்ளை போட்டு என்ன ஆகப் போகுது? அதே ஆய்வுல இன்னொண்ணும் வந்துச்சு, எதிராளியோட வார்த்தைகளையே திருப்பிச் சொல்லாம புது வார்த்தை, புது கோணம் கொண்டு வந்தவங்கதான் அதிகமா மாத்துனாங்க.

அதனால நான் மூணு ரிப்ளையோட நிறுத்திக்கிறேன். கடைசி ரிப்ளையில நாம ஒத்துப்போறது எதுல, ஒத்துப்போகாதது எதுல, என் ஆதாரம் எங்க இருக்குன்னு மூணு வரி எழுதிடுவேன், "இதுக்கு மேல படிக்கிறவங்க முடிவு பண்ணிக்கட்டும், பேசுனதுக்கு நன்றிங்க"ன்னு போட்டுட்டு த்ரெட்டை மியூட் பண்ணிடுவேன். அவர் கடைசி வார்த்தையை எடுத்துக்கட்டும். மறுநாள் காலையில ஒரே ஒரு தடவை திரும்பப் போய்ப் பார்ப்பேன். அதுவரைக்கும் ஒண்ணுமே பேசாத யாராவது, பேரே கேள்விப்படாத ஒருத்தர், "நீங்க சொன்ன அந்த லிங்க்ல ரெண்டாவது விஷயம் புரியல, கொஞ்சம் விளக்க முடியுமா?"ன்னு கேட்டிருப்பார். அவருக்கு உட்கார்ந்து நிதானமா பதில் எழுதுவேன்.